மூன்று மணிக்கொரு முறை: வேலைக்குத் திரும்பும் அம்மாக்களின் கேள்விகள்

மகப்பேறு விடுப்பு முடிந்து வேலைக்கும் பயிற்சிக்கும் படிப்புக்கும் திரும்புகிற தாய்மார்கள் கடலூர், புதுச்சேரி வட்டாரத்திலிருந்து அனுப்பிய கேள்விகளும், பாலூட்டல் ஆலோசகர்களும் தொழிலாளர் சட்டம் அறிந்தவர்களும் சேர்ந்து தரும் பதில்களும்.

கேள்வி: மஞ்சக்குப்பத்திலிருந்து தினமும் பஸ்ஸில் புதுச்சேரிக்கு வேலைக்குப் போக வேண்டும். காலை 8 மணிக்குக் கிளம்பினால் வீடு திரும்ப மாலை 6.30 ஆகும். குழந்தைக்கு நாலரை மாதம். இன்னும் மூன்று வாரத்தில் விடுப்பு முடிகிறது. ஃப்ரீசர் நிறையப் பால் சேர்க்கச் சொல்கிறார்கள். எனக்கோ ஒரு வேளைக்கு 40 மி.லி.க்கு மேல் வருவதில்லை.

பதில்: ஃப்ரீசர் நிறைய வேண்டாம். முதல் நாளைக்கு வேண்டிய பாலும், ஒரு வேளைப் பால் சிந்திப்போனால் ஈடுகட்ட இன்னும் கொஞ்சமும் இருந்தால் போதும். ஒன்று முதல் ஆறு மாதம் வரை குழந்தைக்கு மணிக்குச் சுமார் 30 மி.லி. தேவைப்படும். நீங்கள் வெளியே இருப்பது பத்தரை மணி நேரம், ஆக 315 மி.லி. 80 மி.லி. வீதம் நான்கு வேளை என்று வைத்துக்கொள்ளுங்கள். கையிருப்பு 500 மி.லி. இருந்தால் தைரியமாகக் கிளம்பலாம்.

இதற்கு உங்கள் 40 மி.லி.யே தாராளம். விடியற்காலையில் குழந்தை குடித்து முடித்த அரை மணிக்குள் தினமும் ஒரு முறை மட்டும் எடுங்கள். அந்த நேரத்தில்தான் பலருக்கும் பால் அதிகம் இருக்கும். இரண்டு வாரத்தில் 560 மி.லி. சேர்ந்துவிடும். ஒரு பால் சேமிப்புப் பைக்கு 60 முதல் 80 மி.லி.க்கு மேல் ஊற்றாதீர்கள். உறையும்போது பால் விரியும் என்பதால் பையின் மேற்புறம் ஓர் அங்குலம் காலியாக இருக்கட்டும். பெரிய பையாக உறைய வைத்தால், குழந்தை பாதி குடித்துவிட்டுத் தூங்கிய பிறகு மீதியைக் கொட்டத்தான் வேண்டும். குடித்து மிச்சம் வைத்த பாலை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது.

வேலைக்குப் போக ஆரம்பித்ததும் கணக்கு மாறிவிடும். இன்று ஆபீஸில் எடுப்பது நாளைக்கு, வெள்ளிக்கிழமை எடுப்பது திங்கட்கிழமைக்கு. ஃப்ரிட்ஜின் உள்ளே, கதவில் அல்லாமல் பின்பக்கத் தட்டில், 4 டிகிரியில் நான்கு நாள் வரை பால் தாங்கும். ஃப்ரீசரில் ஆறு மாதத்துக்குள் பயன்படுத்திவிடுவது நல்லது. வெளியில் நான்கு மணி நேரம் என்று எல்லா அட்டவணையிலும் போட்டிருக்கும். அது 25 டிகிரி அறைக்கான கணக்கு. சித்திரை, வைகாசியில் நம் ஊரில் எந்த அறை 25 டிகிரியில் இருக்கிறது? எடுத்த உடனே ஐஸ் பேக் வைத்த பெட்டிக்குள் போய்விட வேண்டும். நன்றாக உறைந்த ஐஸ் பேக்குகளோடு மூடிய பெட்டியில் 24 மணி நேரம் வரை தாங்கும், எனவே மாலை பஸ் நெரிசலில் ஒரு மணி நேரம் கூடுதலாகப் போனாலும் கவலையில்லை.

உறைந்த பாலை முதல் நாள் இரவே ஃப்ரீசரிலிருந்து கீழ்த்தட்டுக்கு மாற்றச் சொல்லுங்கள். குழந்தைக்குக் கொடுக்கும் முன் வெதுவெதுப்பான தண்ணீர்க் கிண்ணத்தில் பையை நிறுத்தினால் போதும். அடுப்பில் நேராகச் சுட வைக்கவோ மைக்ரோவேவில் வைக்கவோ கூடாது. அதில் ஒரு பக்கம் கொதித்து மறுபக்கம் குளிர்ந்தே இருக்கும், குழந்தையின் வாய் வெந்துவிடும். மேலே ஏடு போலக் கொழுப்பு பிரிந்து நின்றால் கெட்டுவிட்டதாக நினைத்துக் கொட்டாதீர்கள். மெதுவாகச் சுழற்றினால் கலந்துவிடும். சிலருடைய பால் ஃப்ரீசரில் இருந்தபின் சோப்பு வாடை அடிக்கும். பாலில் இருக்கும் லைபேஸ் என்ற நொதி கொழுப்பை உடைப்பதால் வரும் வாடை அது, கெட்டுப்போன வாடை அல்ல. குழந்தை மறுக்காமல் குடித்தால் அப்படியே கொடுக்கலாம். மறுத்தால், இனி எடுக்கும் பாலை உறைய வைக்கும் முன் ஓரத்தில் சின்னக் குமிழி வரும் வரை மட்டும் சூடாக்கி, உடனே குளிர வைத்துப் பிறகு ஃப்ரீசரில் போடுங்கள்.

இன்னொன்று. குழந்தைக்கு ஆறு மாதம் முடியும் வரை, வெயில் எவ்வளவு அடித்தாலும் தண்ணீர் தர வேண்டாம் என்று பார்த்துக்கொள்பவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பால் தீர்ந்துவிடுமோ என்ற பயத்தில் நடுவில் வெந்நீரோ சர்க்கரைத் தண்ணீரோ புகட்டுவது பல வீடுகளில் நடக்கிறது.

கேள்வி: நல்ல எலக்ட்ரிக் பம்ப்தான் வாங்கினேன். முதல் வாரம் இரண்டு பக்கமும் சேர்த்து 100 மி.லி. வந்தது. இப்போது 50. காம்பில் எரிச்சல் வேறு. பால் வற்றுகிறதா?

பதில்: பால் வற்றியதாக முடிவு கட்டும் முன் பம்பைப் பாருங்கள். இதுபோன்ற புகார்களில் கோளாறு பெரும்பாலும் இரண்டு இடங்களில்தான் இருக்கும்.

முதலாவது, மார்பில் வைக்கும் புனல். பெட்டியோடு வருவது பெரும்பாலும் 24 அல்லது 28 மி.மீ. அளவில் இருக்கும். ஒரு ஸ்கேலை எடுத்துக் காம்பின் அடியை மட்டும் அளந்து பாருங்கள், சுற்றியுள்ள கருவட்டத்தைச் சேர்க்காதீர்கள். அந்த அளவோ, அதைவிட இரண்டு மூன்று மி.மீ. அதிகமோதான் உங்கள் புனல். பம்ப் ஓடும்போது காம்பு குழாய்க்குள் உரசாமல் முன்னும் பின்னும் போய்வர வேண்டும். பக்கவாட்டில் உரசினால் புனல் சிறியது. கருவட்டமும் சேர்ந்து உள்ளே இழுபட்டால் பெரியது, எரிச்சலும் வீக்கமும் அதனால்தான். புது பம்ப் வாங்க வேண்டியதில்லை. உள்ளே செருகும் சிலிக்கான் வளையங்கள் 17, 19, 21 மி.மீ. அளவுகளில் தனியாகவே கிடைக்கின்றன.

இரண்டாவது, வால்வு. வாத்தின் அலகு மாதிரி இருக்கும் வெள்ளை சிலிக்கான் துண்டைக் கழற்றி வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். நுனிப் பிளவு ஒட்டி மூடியிருக்க வேண்டும். வெளிச்சம் தெரிந்தால் இழுவை போய்விட்டது என்று அர்த்தம். தினமும் மூன்று முறை பயன்படுத்தினால் ஒன்றரை, இரண்டு மாதத்தில் இது தளர்ந்துவிடும், மாற்றியாக வேண்டும். பால் ஒட்டியிருக்கிறது என்று பிளவுக்குள் பிரஷ்ஷையோ ஊசியையோ விட்டால் ஒரே நாளில் கிழியும். பேட்டரி பாதியில் இருக்கும்போதும் சில பம்புகளில் இழுவை குறையும்.

பம்பின் இழுவை எண்ணைக் கூட்டி வைத்தால் பால் கூடும் என்பது தவறு. வலித்தால் பால் இறங்குவது நின்றே போகும். முதல் இரண்டு நிமிடம் வேகமான, லேசான இழுவை. பால் இறங்க ஆரம்பித்ததும் மெதுவான, சற்று ஆழமான இழுவை. மொத்தம் 15 முதல் 20 நிமிடம். கடைசியில் இரண்டு நிமிடம் கையால் பீய்ச்சி முடியுங்கள். கட்டைவிரல் மேலே, மற்ற விரல்கள் கீழே, காம்பின் அடியிலிருந்து இரண்டு மூன்று சென்டிமீட்டர் தள்ளி வையுங்கள். முதலில் நெஞ்சுப் பக்கமாக அழுத்தி, பிறகு விரல்களை ஒன்றையொன்று நோக்கி அழுத்தி விடுங்கள். விரல் தோலில் வழுக்கக் கூடாது. காம்பை இழுக்கவும் கூடாது. சுற்றிலும் இடம் மாற்றி மாற்றிச் செய்யுங்கள். கடைசியில் வரும் கெட்டியான பால் இப்படித்தான் வரும். பம்ப் வீட்டில் மறந்துபோன நாளிலும் இந்தக் கை வேலை காப்பாற்றும்.

பம்ப் பாகங்களை ஒவ்வொரு முறையும் கழுவியாக வேண்டும். ஆபீஸ் சிங்க்கில் எச்சில் டிபன் பாக்ஸுக்கு நடுவில் கழுவ மனம் வராது, வரவும் வேண்டாம். புனலும் வால்வும் பாட்டிலும் கொண்ட செட் மூன்று வைத்துக்கொண்டு, வீட்டுக்கு வந்து தனிக் கிண்ணத்தில், தனி பிரஷ்ஷால், சோப்பும் சூடான தண்ணீரும் போட்டுக் கழுவிக் காய வையுங்கள்.

கேள்வி: பாட்டில் காம்பை வாயில் வைத்தாலே குழந்தை ஓங்கரிக்கிறது. நான் வந்ததும்தான் குடிக்கிறது. வேலையை விட்டுவிடச் சொல்கிறார் மாமியார்.

பதில்: பாட்டில் வேண்டாம், பாலாடை இருக்கிறதே. சில வீடுகளில் சங்கு என்பார்கள். பித்தளையில் வேண்டாம், எவர்சில்வரே நல்லது. மூக்கு நுனி மழுங்கலாக இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். குழந்தையை மடியில் சாய்த்து, ஏறக்குறைய உட்கார்ந்த நிலையில் பிடித்து, பாலாடை மூக்கைக் கீழுதட்டில் வைத்து, பால் உதட்டைத் தொடும் அளவு மட்டும் சாய்த்துக் காத்திருக்க வேண்டும். குழந்தை நாக்கை நீட்டி உறிஞ்சும். படுக்கப் போட்டு வாய்க்குள் ஊற்றினால்தான் புரையேறும். பாலாடையைக் குறை சொல்பவர்கள் சொல்வதெல்லாம் இந்த ஊற்றும் பழக்கத்தின் குறைதான்.

பழக்குவது நீங்களாக இருக்கக் கூடாது. உங்கள் வாசனை பக்கத்தில் இருக்கும்போது எந்தக் குழந்தை சங்கைத் தேடும்? நீங்கள் வேறு அறையில் இருக்க, மாமியாரோ கணவரோ, வழக்கமான பசி நேரத்துக்கு அரை மணி முன்பு, 10 மி.லி.யில் ஆரம்பிக்கட்டும். பசித்து அழ ஆரம்பித்தபின் புதிதாக எதையும் பழக்க முடியாது. வேலைக்குத் திரும்பப் பத்து நாள் முன்பு தொடங்கினால் போதும். பகலில் கொஞ்சமாகக் குடித்துவிட்டு இரவெல்லாம் உங்களிடம் குடிக்கும் குழந்தைகளும் உண்டு. எடை ஏறுகிறது, நாளைக்கு ஆறு முறையாவது சிறுநீர் போகிறது என்றால் அதில் தப்பில்லை. உங்கள் தூக்கம்தான் பாழாகும். சில மாதங்களுக்கு இரவு எட்டரைக்கே படுத்துவிடுவதைத் தவிர வேறு வழி தெரியவில்லை.

கேள்வி: பால் ஊற பால் சுறா புட்டு வாரம் மூன்று நாள் செய்து கொடுக்கிறார்கள். நல்லதா?

பதில்: கடலூர் முதுநகரில் மீன் வாங்கும் வீடுகளில் இதைக் கேட்காமல் இருக்க முடியாது. சுறா மற்ற மீன்களைத் தின்று வாழ்வதால் அதன் சதையில் பாதரசம் சேரும். பாலூட்டும் தாய்மார் சுறாவைத் தவிர்ப்பதே பாதுகாப்பு. மீனே வேண்டாம் என்பதல்ல. நெத்திலி, மத்தி போன்ற சிறு மீன்களில் பாதரசம் குறைவு, சத்து அதிகம். பூண்டு, வெந்தயம், முருங்கைக்கீரை எல்லாம் நல்ல சாப்பாடு, தாராளமாகச் சாப்பிடுங்கள். ஆனால் மார்பு காலியானால்தான் அடுத்த பால் சுரக்கும். காலை எட்டு முதல் மாலை ஆறரை வரை ஒரு முறைகூட எடுக்காமல் இருந்துவிட்டு ராத்திரி பூண்டுக் குழம்பு சாப்பிட்டுப் பயனில்லை.

கேள்வி: புதுச்சேரியில் 60 பேர் வேலை செய்யும் தனியார் நிறுவனத்தில் ஒப்பந்த ஊழியராக இருக்கிறேன். பம்ப் செய்ய இடைவேளை கேட்டால் 'பர்மனென்ட் ஸ்டாஃபுக்குத்தான்' என்கிறார் மேலாளர். உரிமை உண்டா?

பதில்: உண்டு. 1961ஆம் ஆண்டு மகப்பேறு நலச் சட்டம், வழக்கமான ஓய்வு நேரம் போக, குழந்தைக்கு 15 மாதம் ஆகும் வரை தினமும் இரண்டு பாலூட்டும் இடைவேளை தரச் சொன்னது. சம்பளத்தில் பிடிக்கக் கூடாது. 2017ஆம் ஆண்டுத் திருத்தம், முதல் இரண்டு குழந்தைகளுக்கு விடுப்பை 26 வாரமாக்கியது. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும், தாய் நாளைக்கு நான்கு முறை அங்கே போய்வரலாம் என்றும் சொன்னது. அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த 2020ஆம் ஆண்டு சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இவை இடம்பெற்றுள்ளன. உங்கள் நிறுவனத்தில் 60 பேர் என்பதால் காப்பகத்தையும் சேர்த்தே கேட்கலாம். நிரந்தரம், ஒப்பந்தம் என்ற பேதம் சட்டத்தில் இல்லை. பேறுகாலப் பலனுக்கு, முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை செய்திருக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. தினக்கூலிப் பெண்களுக்கும் இந்தப் பலன் உண்டு என்று டெல்லி மாநகராட்சி வழக்கில் 2000ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

ஒரு நெளிவு இருக்கிறது. சட்டம் பாலூட்டும் இடைவேளை என்கிறது, பம்ப் என்ற சொல் அதில் இல்லை. ஆகவே வாய்ச்சண்டை போடாமல் எழுதிக் கொடுங்கள். 'குழந்தையைப் பணியிடத்துக்குக் கொண்டுவர இயலாததால், பாலூட்டும் இடைவேளைகளைக் காலை 11 மணிக்கும் பிற்பகல் 2.30க்கும் 20 நிமிடம் வீதம் பால் எடுக்கப் பயன்படுத்த அனுமதி வேண்டுகிறேன். உள்தாழ்ப்பாள் உள்ள ஓர் அறை, நாற்காலி, ப்ளக் பாயிண்ட், ஃப்ரிட்ஜில் ஒரு தட்டு போதும். கழிப்பறை இதற்கு ஏற்றதல்ல.' இவ்வளவுதான் கடிதம். மனிதவளத் துறைக்கு மின்னஞ்சலில் அனுப்பி, ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். பதில் வராவிட்டால் புகார் போக வேண்டியது புதுச்சேரி தொழிலாளர் துறைக்கு. வீடு கடலூரில் இருந்தாலும் கடலூர் அலுவலகத்தில் மனு கொடுத்துவிட்டுக் காத்திருக்காதீர்கள். வேலை செய்யும் இடம் எதுவோ அதுதான் கணக்கு.

அரசு ஊழியர்களுக்கும் இந்த எல்லைக்கோடு உண்டு. தமிழ்நாடு அரசில் 2021 ஜூலை முதல் மகப்பேறு விடுப்பு 12 மாதம். புதுச்சேரி அரசில் மத்திய அரசு விதிப்படி 180 நாள். அதோடு பணிக்காலம் முழுவதற்கும் சேர்த்து 730 நாள் குழந்தை பராமரிப்பு விடுப்பு. அதை ஆண்டுக்கு மூன்று தவணையாக, ஒரு தவணைக்கு ஐந்து நாளுக்குக் குறையாமல் எடுக்கலாம். முதல் 365 நாளுக்கு முழுச் சம்பளம், அடுத்த 365க்கு 80 சதவீதம். தகுதிகாண் காலத்தில் பொதுவாகத் தர மாட்டார்கள்.

கேள்வி: பதவி உயர்வுக்கு வேண்டிய ஐந்து நாள் உறைவிடப் பயிற்சி சென்னையில். குழந்தைக்கு ஒன்பது மாதம். 'அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்' என்று என் பெயரை எடுத்துவிடப் பார்க்கிறார்கள். போகலாமா?

பதில்: போகலாம். பெயரை எடுக்க வேண்டாம் என்று முதலில் எழுத்தில் சொல்லிவிடுங்கள். அக்கறையாகச் சொல்வதுபோலத்தான் இருக்கும், ஆனால் பட்டியலில் பெயர் ஒரு முறை விழுந்தால் அடுத்த வருஷம் தானாக ஏறாது.

வீட்டில் யாராவது கூட வர முடிந்தால் குழந்தையையும் அழைத்துப்போய்ப் பக்கத்தில் தங்க வைப்பதே எளிது. தனியாகப் போவதென்றால் ஒன்பது மாதக் குழந்தை இட்லி, கஞ்சி, பருப்பு சாதம் எல்லாம் சாப்பிடும். நாளைக்கு அரை லிட்டர் பால் என்று வைத்தாலும் ஐந்து நாளைக்கு இரண்டரை லிட்டர். ஒரு மாதம் முன்பு தொடங்கி, தினமும் 85 மி.லி. கூடுதலாக எடுத்தால் சேரும். சேராவிட்டால் குறையும் வேளைக்கு மருத்துவரைக் கேட்டு ஃபார்முலா பால் கொடுப்பது ஒன்றும் குற்றமல்ல. ஒரு வயதுக்குள் பசும்பாலை முக்கியப் பாலாக மாற்றுவதுதான் வேண்டாம்.

பயிற்சி ஒருங்கிணைப்பாளரிடம் அட்டவணையை முன்பே வாங்குங்கள். காலை 6, டீ இடைவேளை 11, மதியம் 2, மாலை 5, இரவு 10 என்று ஐந்து முறை எடுத்தால் சுரப்பு நிற்காது. உணவு இடைவேளை தள்ளிப்போகும் நாளில் நடுவில் எழுந்து போகத் தயங்காதீர்கள். அதற்காகவே வாசலுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்காருங்கள். விடுதி அறையின் குட்டி ஃப்ரிட்ஜை நம்ப வேண்டாம், பலவற்றில் தண்ணீர்கூடச் சில்லென்று ஆகாது. சமையலறை ஃப்ரீசரில் உங்கள் பெயர், தேதி எழுதிய டப்பாவுக்கு இடம் கேளுங்கள். எங்கும் வைக்க வழியில்லை என்றால் எடுத்துக் கொட்டிவிடுங்கள். மனசு வலிக்கும்தான், ஆனால் அங்கே எடுப்பது முதலில் சுரப்பைக் காப்பாற்ற. வழியில் பால் எடுக்க, 2015 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு பேருந்து நிலையங்களில் திறந்த பாலூட்டும் அறைகள் உண்டு. பூட்டிக் கிடக்கிறதா என்று மட்டும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். திரும்பி வந்ததும் குழந்தை ஓரிரு நாள் முகம் திருப்பலாம். அரைத் தூக்கத்தில், இருட்டறையில் கொடுத்துப் பாருங்கள்.

கேள்வி: மீட்டிங்கில் மாட்டி இரண்டு வேளை எடுக்கவில்லை. ஒரு பக்கம் கல் மாதிரி கட்டி, காய்ச்சல். பாட்டி மல்லிகைப்பூ வைத்துக் கட்டச் சொல்கிறார்.

பதில்: மல்லிகைப்பூவை மார்பில் வைத்துக் கட்டுவது பாலை நிறுத்துவதற்கான வழி. வேலூர் மருத்துவர்கள் இதை ஆராய்ந்து, சுரப்பு குறைவதை 1988இல் வெளியிட்டிருக்கிறார்கள். பால் மறக்கடிக்க வேண்டியவர்களுக்குப் பாட்டி சொன்னது சரி, உங்களுக்கு வேண்டாம். தலையில் சூடுவது வேறு விஷயம்.

துணியில் சுற்றிய ஐஸ் 10 நிமிடம் வையுங்கள். குழந்தைக்கு வழக்கம்போல அந்தப் பக்கமும் கொடுங்கள், காய்ச்சல் இருந்தாலும் அந்தப் பால் நல்லதே. கட்டியை அழுத்தித் தேய்ப்பதும் வெந்நீர் ஒத்தடமும் வீக்கத்தைக் கூட்டும். 'முழுசா காலி பண்ணணும்' என்று ஒரு மணி நேரம் பம்ப் ஓட்டுவதும் அப்படியே. பாராசிட்டமால் போடலாம். காய்ச்சல் 101 டிகிரியைத் தாண்டினாலோ, 24 மணி நேரத்தில் வலி குறையாவிட்டாலோ, தோல் சிவந்து பரவினாலோ டாக்டரிடம் போங்கள். பாலூட்டும்போது சாப்பிடக்கூடிய ஆன்டிபயாட்டிக் இருக்கிறது. இறுக்கமான பிரா, ஒரே தோளில் மாட்டும் கனத்த கைப்பையின் பட்டை இரண்டும் இந்தக் கட்டிக்குக் காரணமாகலாம். தோளை மாற்றி மாற்றி மாட்டுங்கள்.

கேள்வி: பல்கலைக்கழகத்தில் பகுதி நேர ஆய்வு மாணவி. குழந்தை பிறந்ததால் கால அவகாசம் முடிந்துவிடுமோ?

பதில்: பல்கலைக்கழக மானியக் குழுவின் (யூஜிசி) 2022 முனைவர் பட்ட விதிகளில் பெண்களுக்குக் கூடுதலாக இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. அதோடு ஆய்வுக்காலம் முழுவதற்கும் சேர்த்து 240 நாள் வரை மகப்பேறு, குழந்தை பராமரிப்பு விடுப்பு. வழிகாட்டி மூலமாக எழுத்தில் விண்ணப்பியுங்கள், வாய்மொழி அனுமதி கடைசியில் உதவாது.

கேள்வி: ஐப்பசி, கார்த்திகையில் இங்கே கரன்ட் போனால் எப்போது வரும் என்று தெரியாது. ஃப்ரீசர் பால் என்ன ஆகும்?

பதில்: 2011இல் தானே புயலும் 2024இல் ஃபெஞ்சலும் கரை கடந்தது நம் பக்கம்தான், ஆகவே இது வீண் பயமல்ல. கதவைத் திறக்காமல் இருந்தால் நிறைந்த ஃப்ரீசர் சுமார் 48 மணி நேரமும், பாதி நிறைந்தது 24 மணி நேரமும் குளிரைப் பிடித்து வைக்கும். கீழ்த்தட்டு நான்கு மணி நேரம்தான். புயல் எச்சரிக்கை வந்ததும் ஃப்ரீசரின் காலி இடத்தைத் தண்ணீர் பாட்டில்களால் நிரப்பி உறைய விடுங்கள். ஒரு டம்ளர் தண்ணீரை உறைய வைத்து, மேலே ஒரு ரூபாய்க் காசை வையுங்கள். கரன்ட் வந்தபின் காசு மேலேயே இருந்தால் பால் உருகவில்லை. அடியில் கிடந்தால் நடுவில் முழுதும் உருகி மறுபடி உறைந்திருக்கிறது, அந்தப் பாலைக் கொட்டிவிடுங்கள். பைக்குள் ஐஸ் துகள் இன்னும் இருந்தால் திரும்ப உறைய விடலாம்.